அறுந்த தண்டுவடம் மீண்டும் இணையுமா?

விரலில் கண்ணாடிச் சில்லு கிழித்து நரம்பு அறுந்தால், அறுவை மருத்துவர் இரு முனைகளையும் நுண்ணோக்கியில் பார்த்துச் சேர்த்துத் தைக்கிறார். அதன்பின் நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் தாமாகவே வளர்கின்றன. மணிக்கட்டில் அறுந்தது விரல்நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். பழைய உணர்வு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆனாலும் வளர்கிறது. அதே மனிதர் மரத்திலிருந்து விழுந்து, கழுத்துப் பகுதியில் முதுகெலும்பு நொறுங்கி, உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கினால், அங்கே அறுந்த இழைகள் மறுபுறம் போய்ச் சேர்வதில்லை.

இந்த முரண் ஒரே செல்லுக்குள்ளும் இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டிய சிறு முடிச்சுகளில் உணர்வு நியூரான்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதிலிருந்து புறப்படும் இழை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தோலுக்குப் போகிறது, மற்றது தண்டுவடத்துக்குள் நுழைந்து மூளையை நோக்கி ஏறுகிறது. தோலுக்குப் போகும் கிளையை வெட்டினால் மறுபடி வளரும். தண்டுவடத்துக்குள் இருக்கும் கிளையை வெட்டினால் வளராது. செல் ஒன்று, மரபணுக்களும் அவையே; விதி மட்டும் இரண்டு.

ஏன் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடை தேடுகிறார்கள். உலகில் 1.5 கோடிக்கு மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அதனால் இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ‘நரம்பு மீள்கிறது’ என்ற பேச்சில் மூன்று வேறு சங்கதிகள் கலந்துவிடுகின்றன. புதிய நியூரான் பிறப்பது ஒன்று. இருக்கும் நியூரானின் அறுந்த இழை மறுபடி வளர்வது இரண்டாவது. மீளுருவாக்கம் என்பது இதுதான். அறுபடாத இழைகள் புதுக் கிளை விட்டும் பழைய இணைப்புகளை மாற்றியும் வேலையைப் பகிர்ந்துகொள்வது மூன்றாவது, இது நெகிழ்வு. முதலாவதைப் பற்றிய சர்ச்சை தனிக் கதை. வளர்ந்த மனித மூளையின் ஹிப்போகேம்பஸில் புதிய நியூரான்கள் பிறக்கின்றன என்று 1998-இல் ஒரு குழு காட்டியது. 2018-இல் இன்னொரு குழு கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. பிறந்தாலும் அவை தண்டுவடக் காயத்தைச் சரிசெய்வதில்லை என்பதால் இக்கட்டுரை மற்ற இரண்டோடு நிற்கிறது.

தீராது என்ற தீர்ப்பு

தண்டுவடக் காயத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு எகிப்தில் கிடைத்தது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் எனப்படும் அந்தச் சுவடி சுமார் கி.மு. 1600-இல் படியெடுக்கப்பட்டது, மூலம் அதனினும் பழையது. அதிலுள்ள 48 நோயாளிகளில் ஒருவருக்குக் கழுத்து முள்ளெலும்பு இடம் பெயர்ந்திருக்கிறது. கை கால் உணர்வில்லை. சிறுநீர் தன்னையறியாமல் சொட்டுகிறது. கவனமாகப் பார்த்து எழுதிய அந்த மருத்துவர், இதற்கு வைத்தியம் இல்லை என்று முடித்துவிடுகிறார். அந்தத் தீர்ப்பை அசைக்கும் ஆதாரம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு யார் கையிலும் இல்லை.

அதற்கு அறிவியல் வடிவம் தந்தவராகப் பாடநூல்கள் சொல்லும் பெயர் ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ காஹால். 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். 1913, 1914 ஆண்டுகளில் நரம்பு மண்டலத்தின் சிதைவையும் மீளுருவாக்கத்தையும் பற்றி இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். வெள்ளிச் சாயம் ஏற்றிய திசுவில் அவர் கண்டது வெறும் சாவு அன்று. வெட்டுப்பட்ட தண்டுவட இழைகளின் நுனியில் சில நாள்களில் தளிர்கள் கிளம்பின, கொஞ்சம் நீண்டன, பிறகு நின்று, முனையில் குமிழ்போல் வீங்கி வாடிப்போயின. வளரும் முயற்சி இருக்கிறது, அது கைவிடப்படுகிறது என்பதே அவர் பதிவு. முதிர்ந்த மூளையில் எதுவும் மறுபடி முளைக்காது என்ற அவருடைய வாக்கியத்தையே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் கடுமையான விதியை மாற்றுவது வருங்கால அறிவியலின் பொறுப்பு என்று அவர் அடுத்தபடியே எழுதியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதியில் நின்றுபோன அந்த மேற்கோள் இத்துறைக்கு நெடுங்காலம் கேடு செய்தது என்றே கருதுகிறேன்.

காஹால் ஆதாரம் இல்லாமல் நம்பிக்கை வைக்கவில்லை. அவருடைய மாணவர் பிரான்சிஸ்கோ தெயோ 1911-இல் முயலின் கால் நரம்புத் துண்டை அதன் மூளைப் புறணிக்குள் பதித்துப் பார்த்தார். இழைகள் அந்தத் துண்டுக்குள் புகுந்து வளர்ந்தன. கால் நரம்பில் ஏதோ ஊட்டப்பொருள் இருக்கிறது, மூளையில் அது இல்லை என்பது காஹாலின் விளக்கம். ஆனால் வெள்ளிச் சாயத்துக்கு ஒரு குறை உண்டு. இழை தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பக்கத்து இரத்தக்குழாயின் நரம்பாகவும் இருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு தெளிவாகக் கிட்டாதபோது தெயோவின் சோதனை மறக்கப்பட்டது.

மீனும் தவளையும் வேறு பாடம் சொல்லிக்கொண்டிருந்தன. 1940களில் அமெரிக்காவின் ரோஜர் ஸ்பெர்ரி, தவளை போன்ற நீர்நில வாழ்விகளின் பார்வை நரம்பை (மூளை, தண்டுவடம் போல அதுவும் மைய நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது) வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது. ஆனால் தலைக்கு மேலே பூச்சியைக் காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. பழகித் திருந்தவே இல்லை. ஒவ்வோர் இழையும் தன் பழைய இடத்தையே தேடிப் போய் இணைந்திருக்கிறது என்பது அதன் பொருள். முதுகெலும்புள்ள விலங்கின் மைய நரம்பு வளரக்கூடியது, வழியும் அறிந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. பாலூட்டிகளுக்கு மட்டும் என்ன நேர்ந்தது என்பதே மிஞ்சிய கேள்வி.

மான்ட்ரியாலில் கட்டிய பாலம்

திருப்பம் 1980-இல் வந்தது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர் தெயோவின் யோசனையைத் தூசு தட்டி எடுத்தார்கள். இம்முறை அவர்களிடம் புதுக் கருவி இருந்தது. முள்ளங்கி இனச் செடி ஒன்றிலிருந்து கிடைக்கும் ஒரு நொதியை இழையின் முனையில் வைத்தால், அது இழை வழியே பின்னோக்கிப் பயணித்துத் தாய்ச் செல்லில் போய்த் தங்கும். இழை யாருடையது என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

1981-இல் சாமுவேல் டேவிடும் அகுவாயோவும் வெளியிட்ட சோதனை எளிமையானது. எலியின் கால் நரம்பிலிருந்து சுமார் 35 மில்லிமீட்டர் துண்டை எடுத்து, ஒரு முனையை மூளைத்தண்டிலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் செருகினார்கள். தண்டுவடத்துக்கு வெளியே ஒரு புறவழிச்சாலை போட்டதுபோல. மைய நரம்பு மண்டலத்து நியூரான்களின் இழைகள் அதற்குள் புகுந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஓடின. எலியின் உடலளவுக்கு அது நெடுந்தூரம். ஆனால் பாலத்தின் மறுமுனைக்கு வந்து தண்டுவடத்துக்குள் இறங்கியதும் 2 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிட்டன.

இந்த ஒரே சோதனையிலிருந்து பிந்திய கொள்கைகள் எல்லாம் கிளைத்தன. செல்லுக்கு வளரும் திறன் உண்டு, சூழல்தான் தடை என்று பெரும்பாலோர் படித்தார்கள். அந்த வாசிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. பாலத்துக்குள் புகுந்தவை எல்லா நியூரான்களும் அல்ல, பெரும்பாலும் செருகிய முனைக்கு அருகே இருந்தவை. மூளைப் புறணியிலிருந்து தொலைவில் ஓடும் இழைகள் வரவே தயங்கின. அந்தத் தயக்கத்தின் பொருள் பின்னரே விளங்கியது.

சூழல்தான் எதிரியா?

சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப், காஹாலின் ஊட்டப்பொருள் விளக்கத்தை நேரடியாகச் சோதித்தார். 1985-இல் ஹன்ஸ் தோனனுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. நியூரான்களை வளர்ப்புத் தட்டில் வைத்து, எதிரே இரு நரம்புத் துண்டுகள்: ஒன்று கால் நரம்பு, மற்றது பார்வை நரம்பு. வளர்ச்சிப் பொருளை இரண்டுக்கும் தாராளமாக ஊட்டியாயிற்று. பட்டினி என்று சொல்ல முடியாது. இழைகள் கால் நரம்புக்குள் நூற்றுக்கணக்கில் நுழைந்தன. பார்வை நரம்பின் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஆகவே அங்கே குறைவது உணவு மட்டுமல்ல, ஏதோ ஒன்று விரட்டுகிறது என்று ஷ்வாப் முடிவுகட்டினார்.

விரட்டுவது, மைய நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையிலுள்ள ஒரு புரதம். அதை மறிக்கும் எதிர்ப்புப்பொருளை எலிகளுக்குக் கொடுத்ததில், சில இழைகள் காயத்தைத் தாண்டி 7 முதல் 11 மில்லிமீட்டர் வரை சென்றன என்று 1990-இல் அறிவித்தார்கள். மருந்து பெறாத எலிகளில் 1 மில்லிமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. 2000-இல் அந்தப் புரதத்தின் மரபணுவை ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் கண்டுபிடித்தன. நோகோ என்று பெயர் வைத்தார்கள்.

எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்தபோது 2003-இல் அடி விழுந்தது. நோகோ இல்லாத எலிகளை மூன்று ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே உருவாக்கியிருந்தன. ஒன்றில் இழைகள் நன்றாக வளர்ந்தன, இன்னொன்றில் ஓரளவு, மூன்றாவதில் வளரவே இல்லை. 2010-இல் மயலினிலுள்ள மூன்று தடுப்புப் புரதங்களையும் ஒருசேர நீக்கிப் பார்த்தபோதும் குறிப்பிடத்தக்க மீளுருவாக்கம் இல்லை. நோகோ எதிர்ப்பு மருந்தை ஐரோப்பிய மருத்துவமனைகளில் கழுத்துத் தண்டுவடக் காயமுற்ற நூற்றுக்கு மேற்பட்டோரிடம் சோதித்த முடிவு 2024 இறுதியில் வெளிவந்தது. முதன்மை அளவுகோலாக வைத்த கைத் தசை வலிமை மேம்பாட்டில் போலி மருந்தோடு தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. தண்டுவடம் பகுதியளவே சேதமடைந்தவர்களில் மட்டும் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன. கொள்கை பொய்த்தது என்று சொல்லவியலாது. தனியே போதாது என்று சொல்லலாம்.

தடையை வேறிடத்தில் தேடியவர் அமெரிக்காவின் ஜெர்ரி சில்வர். காயம் பட்ட இடத்தில் ஆஸ்ட்ரோசைட் செல்கள் கூடித் தழும்பு கட்டுகின்றன. அங்கே சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த காண்ட்ராய்டின் சல்ஃபேட் புரதங்கள் படிகின்றன. 1997-இல் அவரும் கூட்டாளிகளும், முதிர்ந்த உணர்வு நியூரான்களை மயலின் நிறைந்த வெள்ளைப் பகுதிக்குள் மிக மென்மையாக, தழும்பு உண்டாகாதபடி வைத்தார்கள். இழைகள் மயலின் நடுவே தடையின்றி ஓடின. தழும்பு உண்டான இடங்களில்தான் நின்றன. 2002-இல் லண்டனில், ஒரு பாக்டீரியாவின் நொதியான காண்ட்ராய்டினேஸைக் கொண்டு அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்துவிட்டபோது எலிகளின் நடை ஓரளவு மீண்டது. பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பத் தேறிய சில சிகிச்சைகளுள் இதுவும் ஒன்று.

ஆனாலும் தழும்பை வில்லனாக்கும் கதை நிலைக்கவில்லை. 2016-இல் மைக்கேல் சோஃப்ரோனியூ குழுவினர், ஆஸ்ட்ரோசைட் தழும்பே கட்டாதபடி எலிகளை மாற்றிப் பார்த்தார்கள். இழைகள் அதனால் வளரவில்லை. வளர்ச்சியைத் தூண்டியபோதுகூட, தழும்பு இருந்த எலிகளைவிட மோசமாகவே வளர்ந்தன. காயத்தை மூடும் சுவரும் அதுவே, இழைகளுக்குப் பிடிமானமும் அதுவே என்று ஆகிறது. இவ்விரு முடிவுகளும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

செல்லின் உள்ளிருக்கும் பூட்டு

தொடக்கத்தில் சொன்ன இரு கிளை நியூரானுக்குத் திரும்புவோம். அதன் தோல் கிளையை முதலில் வெட்டி, சில நாள் கழித்துத் தண்டுவடக் கிளையை வெட்டினால் என்ன ஆகும்? வளராத கிளை வளர்கிறது. 1984-இல் மான்ட்ரியாலில் இதன் முதல் சான்று கிடைத்தது; 1999-இல் கிளிஃபர்டு வுல்ஃப் ஆய்வுக்கூடம் தண்டுவடக் காயத்துக்குள்ளேயே இழை வளர்வதைக் காட்டியது. மயலின் அப்படியேதான் இருந்தது, தழும்பும் இருந்தது. மாறியது செல்லின் உள்நிலை. வெளிக் கிளையின் காயம் செல்லின் உட்கருவுக்குச் செய்தி அனுப்பி, கருப்பருவத்து வளர்ச்சி மரபணுக்களை விழிக்கச் செய்துவிட்டது. இத்தனை எளிய சோதனை இத்தனை பெரிய கோட்பாட்டை அசைப்பது அறிவியலில் அரிது.

2008-இல் பாஸ்டனில் ஜிகாங் ஹே குழுவினர் இதை மரபணு அளவில் பிடித்தார்கள். எலியின் விழித்திரை நியூரான்களில் பிடென் என்ற மரபணுவை நீக்கியதும் நசுங்கிய பார்வை நரம்பில் இழைகள் கணிசமாக வளர்ந்தன. 2010-இல் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்கப் பாதையிலும் அதையே காட்டினார்கள். எந்தப் பாலத்துக்கும் எளிதில் வராத பாதை அது. உள்ளிருக்கும் பூட்டே முதல் தடை என்ற கருத்து அன்றிலிருந்து வலுத்துவருகிறது. சான்றுகளின் எடையைப் பார்த்தால் நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன்.

இதன் பலவீனம் வெளிப்படையானது. பிடென் புற்றுநோயை அடக்கும் மரபணு. அதை நிரந்தரமாக முடக்கினால் என்ன விளையும் என்று எந்த மருத்துவரும் அஞ்சுவார். பெரும்பாலான சோதனைகளில் மரபணுவைக் காயத்துக்கு முன்பே நீக்கியிருந்தார்கள். நோயாளிகளோ காயத்துக்குப் பின்புதான் வருகிறார்கள். இன்னொன்று: வளர்ந்த இழைகள் பல நேரம் வளைந்து, திரும்பி, எங்கோ போய் முடிந்தன.

இருப்பதைக் கொண்டு வாழும் மூளை

மீளுருவாக்கம் நடக்காது என்று துறை முழுவதும் நம்பிய காலத்தில் வேறொரு கதவைத் திறந்தவர் பிரிட்டனின் ஜெஃப்ரி ரெய்ஸ்மன். 1969-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, எலி மூளையின் செப்டம் என்ற சிறு பகுதியைப் பற்றியது. அங்குள்ள நியூரான்களுக்கு இரு திசைகளிலிருந்து இழைகள் வருகின்றன. ஹிப்போகேம்பஸிலிருந்து வருபவை செல்லின் கிளைகளில் மட்டும் இணைகின்றன. மற்றத் திசையிலிருந்து வருபவை செல் உடலிலும் இணைகின்றன. ரெய்ஸ்மன் இரண்டாவது கூட்டத்தை வெட்டிவிட்டுச் சில வாரம் காத்திருந்தார். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், செல் உடலில் காலியான இணைப்பிடங்களில் ஹிப்போகேம்பஸ் இழைகள் வந்து உட்கார்ந்திருந்தன. முதல் கூட்டத்தை வெட்டினால், மிஞ்சிய இழைமுனை ஒன்றே இரண்டு இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதிர்ந்த மூளையில் இணைப்புகள் மாறும் என்பதற்குக் கண்ணால் கண்ட சான்று இது. அறுந்த இழை திரும்பி வருவதற்குள் அதன் இருக்கையில் வேறொருவர் அமர்ந்துவிடுகிறார் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ரெய்ஸ்மன் அதைக் கவனித்திருந்தார்.

1980களில் மைக்கேல் மெர்சனிக் குரங்குகளின் கை நரம்பை வெட்டி, மூளைப் புறணியில் அந்தக் கைக்குரிய இடத்தை அண்டைப் பகுதிகள் எடுத்துக்கொள்வதைக் காட்டினார். கையின் உணர்வு நரம்புகள் பல்லாண்டு முன்பே அறுக்கப்பட்ட குரங்குகளில் முகத்துக்கான பகுதி 1 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்ததை 1991-இல் இன்னொரு குழு கண்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றும் விளையனூர் எஸ். ராமச்சந்திரன் இதை மனிதரிடம் கொண்டுவந்தார். கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டால், இல்லாத கையின் விரலில் தொடுவதாக அவர் உணர்ந்தார். இந்த ஆய்வுகளே ‘மூளை களிமண் போன்றது, எப்படியும் வனையலாம்’ என்ற மக்கள் நம்பிக்கைக்கு ஊற்று.

அந்த நம்பிக்கை இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. தமர் மேக்கின் 2013 முதல் செய்துவரும் ஆய்வுகளில், கை இழந்தவர்களின் மூளையில் அந்தக் கையின் வரைபடம் பல்லாண்டுக்குப் பின்னும் அப்படியே இருப்பது தெரிகிறது. 2023-இல் அவரும் ஜான் கிராக்கவரும், புறணியில் ஒரு பகுதி இன்னொன்றின் வேலையைப் புதிதாக ஏற்கிறது என்ற வாதத்தையே மறுத்து எழுதினார்கள். ஏற்கெனவே மங்கலாக இருந்த இணைப்புகள் வலுப்பெறுவதைத்தான் மாற்றம் என்று தவறாகப் படித்தோம் என்பது அவர்கள் கட்சி. 2025-இல் வெளிவந்த ஆய்வு மூன்று பேரைக் கை அகற்றுமுன்னும் பின்னும் படம்பிடித்து அதே முடிவுக்கு வந்தது. மூவர் என்பது சிறிய எண்ணிக்கை. என்றாலும் முன்னும் பின்னும் ஒரே ஆளைப் பார்த்ததால் இந்தச் சான்றுக்குக் கனம் அதிகம்.

தண்டுவடத்தைப் பொறுத்தவரை நெகிழ்வு உறுதியாக நிற்கிறது. 2004-இல் ஷ்வாப் குழுவினர், எலியின் பின்னங்காலுக்கு இறங்கும் இழைகளை வெட்டியபோது, வெட்டுக்கு மேலே அவை புதுக் கிளை விட்டு, தண்டுவடத்துக்குள்ளேயே ஓடும் இடைநிலை நியூரான்களைப் பிடித்துச் சுற்றுவழி அமைப்பதைக் கண்டார்கள். எந்த மருந்தும் கொடுக்கவில்லை. மனிதரிலும் முழு முடக்கம் என்று எழுதப்பட்ட பலருக்குக் காயத்தினூடே சில இழைகள் தப்பியிருப்பதைப் பிணக்கூறாய்வுகள் காட்டியுள்ளன.

தப்பிய அந்த இழைகளை எழுப்புவதே மின்தூண்டலின் வேலை. 2011-இல் சூசன் ஹார்கமா குழுவினர் தண்டுவடத்தின் உறைமேல் மின்முனை வைத்து, நெஞ்சுக்குக் கீழே அசைவற்றிருந்த ஒருவரை நிற்கச் செய்தார்கள். 2018-இல் மூன்று குழுக்கள் நடக்கச் செய்தன. தோலின் மேலிருந்தே தூண்டும் கருவியை 60 பேரிடம் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலிமையும் செயலும் மேம்பட்டன. அவ்வாண்டே அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. ஒப்பிடப் போலித் தூண்டல் பெற்ற குழு இல்லை என்பது அந்த ஆய்வின் குறை. மேம்பாட்டில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நெகிழ்வு எப்போதும் நன்மையும் செய்வதில்லை. தண்டுவடக் காயமுற்றோரை வாட்டும் நரம்பு வலி, தசை இறுக்கம், திடீர் இரத்த அழுத்த ஏற்றம் ஆகியவற்றில் தவறான புது இணைப்புகளுக்கும் பங்கு உண்டு.

மூக்கிலிருந்து வந்த செல்கள்

ரெய்ஸ்மன் தன் வாழ்வின் பிற்பாதியை மீளுருவாக்கத்துக்குக் கொடுத்தார். மூக்கின் மேற்பகுதியிலுள்ள மணமறியும் நியூரான்கள் வாழ்நாள் முழுதும் இறந்து புதிதாகப் பிறக்கின்றன. புதிய இழைகள் மூளைக்குள் நுழைய அனுமதி பெறும் ஒரே வாசல் அது. வாசலைத் திறந்து வைத்திருப்பவை அங்குள்ள உறைசெல்கள். அவற்றைத் தண்டுவடக் காயத்தில் வைத்தால் அங்கும் வழி திறக்குமா? 1997-இல் அவர் குழு செய்த சோதனையில், முன்காலால் உணவை எட்டி எடுக்கும் திறனை இழந்த எலிகள் அதைத் திரும்பப் பெற்றன. 2014-இல் போலந்து மருத்துவர்களும் ரெய்ஸ்மனும், கத்திக் குத்தில் தண்டுவடம் அறுந்த ஒருவருக்கு அவருடைய சொந்த உறைசெல்களையும் கணுக்கால் நரம்புத் துண்டுகளையும் வைத்ததில் ஓரளவு உணர்வும் அசைவும் மீண்டதாக அறிவித்தார்கள். உலகமே வியந்தது. நோயாளி ஒருவர்தான், கடுமையான பயிற்சியும் பெற்றிருந்தார். அதே அளவு முடிவு இன்னொருவரிடம் உறுதிசெய்யப்படாமலே 2017-இல் ரெய்ஸ்மன் காலமானார்.

ஸ்டெம் செல் சோதனைகளின் நிலையும் இதை ஒத்ததே. அமெரிக்காவில் 2010-இல் தொடங்கிய முதல் கருநிலை ஸ்டெம் செல் சோதனையை, நடத்திய நிறுவனம் அடுத்த ஆண்டே பணக் காரணத்தால் நிறுத்தியது. ஜப்பான் 2018-இல் ஒரு சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தபோது, சான்று போதாது என்று பிற நாட்டு அறிஞர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அமெரிக்க அரசு நிதியில், புகழ்பெற்ற தண்டுவட ஆய்வுகளை அப்படியே திரும்பச் செய்துபார்க்கும் திட்டம் ஒன்று நடந்தது. பெரும்பாலானவை தேறவில்லை. இத்துறை தன்னைப் பற்றிக் கண்டறிந்த மிக முக்கியமான உண்மை இது என்பேன்.

வளர்ச்சியும் பயிற்சியும் ஒரே வேலை

மீளுருவாக்கம், நெகிழ்வு என்று இரு கட்சிகளாகப் பேசுவது இப்போது பொருந்துவதாகத் தெரியவில்லை. காண்ட்ராய்டினேஸ் தண்டுவடத்தில் இழைகளை வளர்த்த அதே 2002-இல், அதே நொதி முதிர்ந்த எலியின் பார்வைப் புறணியில் குழந்தைப் பருவ நெகிழ்வைத் திரும்பக் கொண்டுவந்தது என்று இத்தாலியில் காட்டினார்கள். இரண்டுக்கும் பூட்டு ஒன்றுதான் போலிருக்கிறது.

2009-இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஃபாசெட் குழுவினர் செய்த சோதனையை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். நொதி கொடுத்த எலிகளில் ஒரு கூட்டத்துக்கு உணவை எட்டி எடுக்கப் பயிற்சி தந்தார்கள். அவை அதில் நன்கு தேறின. இன்னொரு கூட்டத்துக்குப் பொதுவான நடைப் பயிற்சி. அவை நடையில் தேறின. ஆனால் எட்டி எடுப்பதில், பயிற்சியே பெறாத எலிகளைவிடப் பின்தங்கின. கிடைத்த புது இணைப்புகளைப் பழக்கப்பட்ட வேலையே கைப்பற்றிக்கொண்டது. மருந்து கதவைத் திறக்கிறது. உள்ளே எது குடியேறும் என்பதைப் பயிற்சி தீர்மானிக்கிறது.

2023-இல் கிரெகுவார் கூர்த்தின், சோஃப்ரோனியூ குழுக்கள் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் இன்னோர் அடி. சில ஆண்டு முன்பு அவர்களே இழைகளை முழுக் காயத்தைத் தாண்டி வளரச் செய்திருந்தார்கள், எலி நடக்கவில்லை. இம்முறை, நடைக்கு உதவும் நியூரான் வகை எது, அது இயல்பாக எங்கே போய் இணையும் என்று கண்டறிந்து, அந்த இடத்துக்கே ஈர்க்கும் பொருளை வைத்தார்கள். எலிகள் நடந்தன. ஸ்பெர்ரியின் தவளை ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கு முன் சொன்ன பாடத்துக்கு, பாலூட்டியில் கிடைத்த மறுமொழி இது.

இன்னும் தெரியாதவை

எலியில் சில மில்லிமீட்டர் போதும். மனிதரில் கழுத்திலிருந்து இடுப்புவரை போக வேண்டும். அந்தத் தொலைவை எந்தச் சிகிச்சையும் கடந்ததில்லை. ஆய்வுகளில் பெரும்பாலானவை புதிய காயத்தில் செய்தவை. உலகில் வாழும் நோயாளிகளில் பெரும்பாலோரின் காயம் ஆண்டுகள் பழையது. உள்பூட்டை வேண்டியபோது திறந்து பின் மூட முடியுமா என்பதற்கும் விடையில்லை.

எதை அளப்பது என்பதிலும் கவனம் தேவை. 2004-இல் அமெரிக்காவில் காயமுற்றோரிடமே கேட்டார்கள். கை கால் நான்கும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதலில் கேட்டது கையின் செயல். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்கள் பாலுறவுத் திறனை முதலில் வைத்தார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு சாராருக்குமே முன்வரிசையில் இருந்தது. நடையை மட்டும் வெற்றி என்று காட்டும் படங்கள் இவர்கள் கேட்டதற்கு விடை சொல்லவில்லை.

இன்றைய நிலையில் என் மதிப்பீடு இது. மனிதரிடம் அறுந்த தண்டுவட இழை மறுபடி வளர்ந்து பயன் தந்ததற்கு உறுதியான சான்று இல்லை. மிஞ்சிய இழைகளைப் பயிற்சியாலும் தூண்டலாலும் வேலை செய்ய வைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது, அதுவும் வளர்ந்துவருகிறது. உள்பூட்டைத் திறந்து, வழியமைத்து, இலக்கைக் காட்டி, பழக்குவது என்ற கூட்டுமுறையே நம்பிக்கை தரும் திசை. அது நோயாளியின் படுக்கைக்கு வர எத்தனை ஆண்டாகும் என்று சொல்ல இப்போது யாரிடமும் கணக்கில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனைக்குள் மட்டுமே செய்யலாம் என்கின்றன. தண்டுவடக் காயமும் இதில் அடக்கம். ஆகவே வீட்டில் அப்படியொருவர் இருந்தால், ஸ்டெம் செல் ஊசிக்கு இலட்சங்களில் பணம் கேட்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கும், படுக்கைப் புண் வராத மெத்தைக்கும், சிறுநீர்ப்பை பராமரிப்புக்கும் செலவிடுங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள்.